பேஸ்மேக்கரில் ஐயம் எழுந்தால்

கிணற்றங்கரையில் ஓடும் மின்சாரப் பம்பாயினும், ஊருக்கு வந்து செல்லும் பேருந்தாயினும், இயந்திரம் எதற்கும் அவ்வப்போது சோதனை வேண்டும் என்பதை நாம் அறிவோம். சோதனையில் ஒரு குறை தென்பட்டால் எவரும் திகைப்பதில்லை. பழுது முற்றுவதற்கு முன் தெரிந்ததே நன்று என்று எண்ணி, அதைச் சரிசெய்யும் வழியைத் தேடுகிறோம். ஆனால் அந்த இயந்திரம் ஒருவருடைய மார்புத் தோலின் கீழே அமைந்து, அவருடைய இருதயத் துடிப்பையே காத்து வருவதாயின், அதே செய்தி முற்றிலும் வேறு விதமாகக் காதில் விழுகிறது.

உதாரணத்துக்கு ஒருவரை மனத்தில் கொள்வோம். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 68. அடிக்கடி மயங்கி விழுந்தமையால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அன்று முதல் மயக்கம் இல்லை. ஆண்டுதோறும் மாவட்டத் தலைநகருக்குச் சென்று கருவியைச் சோதித்து வருகிறார். இம்முறை மருத்துவர், "கம்பியின் அளவு ஒன்று மாறியிருக்கிறது. கோளாறாக இருக்கலாம். ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புகிறார். வெளியே நோயாளிகளின் வரிசை நீண்டிருக்கிறது. மேலும் கேட்க ஆசிரியருக்கு மனம் வரவில்லை. ஊர் திரும்பும் பேருந்தில் தம் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணியபடியே வருகிறார். வீட்டில் எவரிடமும் சொல்வதில்லை. அன்றிரவு அவருக்கு உறக்கமும் இல்லை.

இத்தகையோர் இன்று பல ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்கள் முதலில் நாடி வருவது பெரும்பாலும் பெரிய மருத்துவமனையின் நிபுணரை அன்று. ஊரிலுள்ள சுகாதாரப் பணியாளரையும் பள்ளி ஆசிரியரையுமே. அவர்களுக்கு ஆறுதல் மொழி மட்டும் போதாது. கருவி எவ்வாறு வேலை செய்கிறது, சோதனையில் எது அளக்கப்படுகிறது, "கோளாறாக இருக்கலாம்" என்னும் சொல்லுக்கு என்ன பொருள் என்பவை விளங்கினால் அச்சம் தன் அளவுக்குச் சுருங்கும், செய்யவேண்டியதும் தெளிவாகும்.

இருதயத்தின் மின்தூண்டல்

இருதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்னும் சிறு தசைப்பகுதி உண்டு. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இது மின்தூண்டலை எழுப்புகிறது. அத்தூண்டல் மேலறைகளில் பரவி, இடையேயுள்ள மற்றொரு கணுவைக் கடந்து, கீழறைகளை அடைகிறது. இருதயம் சுருங்கி இரத்தத்தைச் செலுத்துகிறது. ஒரு நாளில் இது ஏறக்குறைய ஒரு லட்சம் முறை நிகழ்கிறது.

சைனஸ் கணு தளர்ந்தாலும், தூண்டல் செல்லும் பாதை தடைப்பட்டாலும் துடிப்பு மிகவும் குறைந்துவிடும். மூளைக்குப் போதிய இரத்தம் சேராமல் தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகும். இத்தடையை மருத்துவர்கள் "பிளாக்" என்பர். இரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து ஏற்படும் அடைப்பு வேறு, இது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் பலர்.

பேஸ்மேக்கர் இக்குறையை ஈடு செய்கிறது. கழுத்துப்பட்டை எலும்பின் கீழே, தோலுக்கடியில், 20 முதல் 30 கிராம் எடையுள்ள டைட்டானியம் பெட்டி ஒன்று வைக்கப்படுகிறது. அதனுள் மின்கலமும் மின்னணுச் சுற்றும் உள்ளன. அதிலிருந்து ஒன்றோ இரண்டோ மின்கம்பிகள் இரத்தக்குழாயின் வழியே இருதயத்தினுள் செல்கின்றன. கம்பிக்கு இரண்டு வேலைகள் உண்டு. இருதயம் தானே துடிக்கிறதா என்பதை அறிந்து சொல்வது ஒன்று. துடிக்காதபோது சிறு மின்தூண்டலைக் கொண்டு சேர்ப்பது மற்றொன்று. இருதயம் போதிய வேகத்தில் தானே துடிக்கும் வேளையில் கருவி வாளாவிருக்கும்.

முதற் கருவி தரும் பாடம்

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் இத்தகைய கருவி முதன்முதலாக மனித உடலினுள் வைக்கப்பட்டது. அதை அமைத்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலாளர். அறுவை சிகிச்சை செய்தவர் ஓகே சென்னிங். காலணி மெருகுப்பசை டப்பாவை அச்சாகக் கொண்டு, பிசின் வார்த்துச் செய்யப்பட்ட கருவி அது. அதை ஏற்றுக்கொண்ட ஆர்னே லார்சன் என்பவருக்கு அப்போது வயது 43. நாள்தோறும் பலமுறை அவர் நினைவிழந்து கொண்டிருந்தார்.

அம்முதற் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. மற்றொன்று பொருத்தப்பட்டது, அதுவும் நெடுநாள் உழைக்கவில்லை. எனினும் லார்சனின் வாழ்க்கை அத்துடன் முடிந்துவிடவில்லை. பின்வந்த ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு மாற்றி மாற்றிப் பொருத்தப்பட்டன. அவர் 2001ஆம் ஆண்டில், தம் 86ஆம் வயதில் காலமானார்; அதற்குக் காரணம் இருதய நோயன்று, புற்றுநோய். கருவியைச் செய்த பொறியியலாளரும் பொருத்திய மருத்துவரும் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டனர்.

இவ்வரலாற்றில் நமக்கு வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கருவிக்கும் கம்பிக்கும் ஆயுள் வரம்பு உண்டு; அவற்றில் பழுது நேர்வதும் உண்டு. ஆனால் கருவியின் ஆயுளும் அதைத் தாங்கியவரின் ஆயுளும் ஒன்றல்ல. பழுதை உரிய காலத்தில் கண்டுபிடித்து மாற்றுவதே இச்சிகிச்சையின் ஒரு பகுதி.

மின்கலம் தேய்வது இயற்கை

தொடக்க காலத்தில் பயன்பட்ட பாதரச மின்கலங்கள் இரண்டு ஆண்டளவே உழைத்தன. 1970களில் லிதியம்-அயோடின் மின்கலம் வழக்கத்துக்கு வந்தபின் இந்நிலை மாறியது. இம்மின்கலம் திடீரென்று ஓய்ந்துவிடுவதில்லை. பயன்படப் பயன்பட அதன் உள்ளே மின்தடை படிப்படியாக உயர்கிறது. தொடக்கத்தில் சுமார் 2.8 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம் மெல்ல இறங்குகிறது. ஆகவே, முடிவு நெருங்குவதை முன்கூட்டியே கணிக்க இயலும்.

வகுப்பில் மாணவர்களுக்குச் செய்து காட்டக்கூடிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். மின்கலத்தின் கொள்ளளவு 1 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். கருவி இழுக்கும் மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியராயின் அது 1,00,000 மணி நேரம், அதாவது சுமார் 11 ஆண்டுகள் உழைக்கும். மின்னோட்டம் 15 மைக்ரோ ஆம்பியராயின் ஏழரை ஆண்டளவில் தீர்ந்துவிடும். ஒரே வகைக் கருவி ஒருவருக்குப் பன்னிரண்டு ஆண்டும் மற்றொருவருக்கு எட்டு ஆண்டும் உழைப்பதன் காரணம் இதனால் விளங்கும். எவருடைய இருதயத்தைக் கருவி அடிக்கடி தூண்டவேண்டியுள்ளதோ, எவருக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறதோ, அவருடைய மின்கலம் விரைவில் தேய்கிறது.

மின்னழுத்தம் குறித்த எல்லைக்கு வந்ததும் கருவி, "மாற்றும் காலம் வந்தது" என்னும் அறிகுறியைக் காட்டும். அதன் பின்னரும் பொதுவாக மூன்று மாதமளவு இயங்கும்படி கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. இக்காலம் ஏற்பாடுகளைச் செய்துகொள்வதற்காக வைக்கப்பட்டது, தள்ளிப்போடுவதற்காக அன்று. பெட்டி முற்றிலும் மூடிப் பற்றவைக்கப்பட்டது ஆதலால் மின்கலத்தை மட்டும் எடுத்து மாற்ற இயலாது. பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும். பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து இச்சிகிச்சையைச் செய்கின்றனர். பழைய கம்பி நன்னிலையில் இருப்பின் அதையே புதுப் பெட்டியுடன் இணைத்துவிடுவர்.

கம்பியில் தோன்றும் ஐயம்

நம் ஆசிரியருக்குச் சொல்லப்பட்டது கம்பியைப் பற்றியது. கம்பி இருதயத்துடன் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை வளைகிறது. கை அசையும்போதெல்லாம் கழுத்துப்பட்டை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நெருக்குண்பதும் உண்டு. ஆகையால் இந்த அமைப்பு முழுவதிலும் பழுதுக்கு எளிதில் இடந்தரும் உறுப்பு கம்பியே எனலாம்.

கம்பியின் நிலையை மின்தடையால் அறியலாம். மாணவர்கள் கற்கும் ஓம் விதியே இங்குப் பயன்படுகிறது. கருவி 2.5 வோல்ட் தருகிறது, மின்தடை 500 ஓம் என்றால், பாயும் மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர். உள்ளே கடத்தி முறிந்தாலோ, பெட்டியுடன் சேரும் இணைப்புத் தளர்ந்தாலோ மின்தடை மிகவும் உயரும். அது 3,000 ஓம் ஆகுமாயின் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும்; இருதயத்தைத் தூண்ட அது போதாமற் போகலாம். மாறாக, கம்பியின் மேலுறை கிழிந்தால் மின்னோட்டம் வழியிலேயே கசியும், மின்தடை தாழும், மின்கலம் வீணே தேயும். பழுதுற்ற கம்பி பொய்யான சைகைகளையும் எழுப்பும். அவற்றை இருதயத்தின் துடிப்பென்று கருவி தவறாகக் கொண்டு, தூண்டவேண்டிய நேரத்தில் தூண்டாமல் இருந்துவிடக்கூடும்.

மற்றோர் அளவும் உண்டு. இருதயத்தைத் துடிக்கச் செய்யக் குறைந்தது எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைச் சோதனையில் கண்டறிகின்றனர். அவ்வளவைப்போல் இரு மடங்கு வோல்ட்டைக் கருவி தருமாறு அமைப்பது பொது வழக்கம். கம்பியின் நுனி இடம் பெயர்ந்தாலும், நுனியைச் சுற்றிலும் வடு வளர்ந்தாலும், இரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு மாறினாலும், சில மருந்துகளாலும் இத்தேவை உயரக்கூடும். அப்போது பாதுகாப்புக்காக விடப்பட்ட இடைவெளி குறைகிறது.

ஐயம் வேறு, முடிவு வேறு

ஒருமுறை அளந்ததில் ஓர் எண் மாறியிருந்தால் கம்பி முறிந்துவிட்டது என்று மருத்துவர் முடிவு செய்வதில்லை. முன் சோதனைகளின் எண்களோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார். கையை உயர்த்தியும், மூச்சை இழுத்து விட்டும், படுத்தும் அமர்ந்தும் மீண்டும் அளக்கச் செய்வார். எக்ஸ்-ரே படத்தில் முறிவு தெரிகிறதா என்று நோக்குவார். இருபத்துநான்கு மணி நேர இ.சி.ஜி. பதிவும் தேவைப்படலாம். கருவி தன் நினைவகத்தில் பதித்து வைத்துள்ள குறிப்புகளும் அவருக்குத் துணை செய்யும்.

கோளாறு உறுதியானாலும் உடனே கத்தி எடுக்கவேண்டும் என்பதில்லை. சில நிலைகளில் மார்பின்மேல் வைக்கும் சோதனைக் கருவியின் மூலமாகவே வோல்ட்டை உயர்த்தலாம். கம்பியிலுள்ள இரு கடத்திகளுள் ஒன்று பழுதாயின் மற்றொன்றை மட்டும் பயன்படுத்துமாறு மாற்றலாம். இவை போதாவிடில் புதுக் கம்பி வைக்கப்படும்.

எவ்வளவு விரைவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு கேள்வி: கருவி நின்றால் இவருடைய இருதயம் தானே துடிக்குமா? கருவியின் வேகத்தைச் சற்று நேரம் தாழ்த்தி இதனை மருத்துவர் அறிகிறார். தானே போதிய வேகத்தில் துடிக்கும் இருதயமாயின், சில வாரம் பொறுத்து மீண்டும் அளப்பது நியாயமே. கருவியையே முற்றிலும் நம்பியுள்ள இருதயமாயின் அன்றே மருத்துவமனையில் தங்கச் சொல்வர். ஆகவே, "ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்பது பெரும்பாலும் அலட்சியத்தால் பிறந்த சொல்லன்று. உடனடி அபாயம் தென்படவில்லை என்னும் கணிப்பும் அதில் அடங்கியிருக்கலாம். எனினும், அதை ஊகித்துக்கொண்டு இருப்பதைவிடக் கேட்டுத் தெளிவதே நன்று.

கேட்கவேண்டிய கேள்விகள்

பதற்றத்தில் கேள்விகள் மறந்துபோகும். ஆதலின் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டார் ஒருவருடன் செல்வது நலம். கேட்கவேண்டியவை இவை:

1. ஐயம் மின்கலத்திலா, கம்பியிலா, கருவியின் அமைப்பிலா?
2. அது உறுதியானதா, மறுசோதனையில் உறுதி செய்யவேண்டியதா?
3. கருவி இல்லாமல் என் இருதயம் தானே துடிக்கிறதா?
4. கருவியில் வைக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச வேகம் என்ன? இரவில் அது குறையுமா?
5. எந்த அறிகுறி தோன்றினால் நாள் பாராமல் வரவேண்டும்?
6. அதுவரை வண்டி ஓட்டலாமா? பாரம் தூக்கலாமா? வெளியூர் செல்லலாமா?
7. இன்றைய சோதனையின் அச்சுப் பிரதி எனக்குக் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடலாகாது. ஒரு நிறுவனத்தின் கருவியை அந்நிறுவனத்தின் சோதனைக் கருவி கொண்டே படிக்க இயலும். வேற்றூரில் உடல்நலம் குன்றினால், கருவியின் பெயரும் எண்ணும் தெரியாமல் அங்குள்ள மருத்துவர் இடர்ப்படுவார். பொருத்திய அன்று தரப்பட்ட அடையாள அட்டையையும் கடைசிச் சோதனையின் பிரதியையும் எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும்.

காத்திருக்கும் நாட்களில்

நாள்தோறும் ஒரு வேளை, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வைத்தால் போதும். குறித்த வேகத்தைவிட நாடி மிகுந்திருப்பது கருவியின் பழுதன்று. இருதயம் தானே விரைந்து துடிப்பதாகவும் இருக்கலாம். குறித்த வேகத்துக்குக் கீழே இருந்தால் மீண்டும் எண்ணவேண்டும். இடையே தோன்றும் முந்திய துடிப்புகள் சில மணிக்கட்டில் உணரப்படுவதில்லை. அதனாலும் எண்ணிக்கை குறைந்து தோன்றும். மறுமுறையும் குறைவாகவே இருந்தால் மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். மணிக்கொருமுறை எண்ணுவதால் பயனில்லை. அது கலக்கத்தையே வளர்க்கும்.

மயக்கம், மயக்கம் வருவது போன்ற தலைசுற்றல், மூச்சுத்திணறல், மார்புவலி ஆகியவை தோன்றினால் ஆறு வாரக் கெடுவை எண்ணிக்கொண்டு இருத்தலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். விடாத விக்கலோ, மார்புத் தசையில் விட்டுவிட்டுத் துடிக்கும் அதிர்வோ கம்பி இடம்பெயர்ந்ததைக் காட்டலாம். கருவியின்மேல் தோல் சிவத்தல், வீங்குதல், நீர் கசிதல் ஆகியவை கிருமித் தொற்றின் அறிகுறிகள். அவ்வீக்கத்தைக் கட்டியென்று எண்ணி ஊசியால் குத்துவதும், கீறுவதும், பச்சிலை வைத்துக் கட்டுவதும் பெருந்தீங்கு விளைக்கும். கிருமி உள்ளே புகுந்துவிட்டால் மருந்தால் மட்டும் தீராமல், கருவியையும் கம்பியையும் முழுவதும் அகற்ற நேரிடும்.

தோலுக்கடியில் உள்ள பெட்டியை விரலால் திருகிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இதனால் கம்பி முறுக்கிக்கொண்டு இடம் பெயர்ந்துவிடும். காந்தத்தை மார்பின்மேல் வைத்துக் கருவியைத் தாமே சோதிப்பதும் தகாது. காந்தம் அருகில் வந்தால் கருவி தன் இயல்பான முறையை விட்டு வேறு முறையில் இயங்கத் தொடங்கும். கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காமல், கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைத்துக்கொண்டு, மறுபக்கக் காதில் பேசுவது நல்லது. மின்விசிறி, மிக்ஸி, தொலைக்காட்சி முதலிய வீட்டுச் சாதனங்களுக்கு அஞ்சவேண்டியதில்லை. மின்பற்றவைப்பு வேலை செய்பவர் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடரலாகாது. மற்ற நோய்களுக்காக உண்ணும் மருந்துகளையும் தாமாக நிறுத்தலாகாது.

நம் கடமை

ஐயம் எழுந்தபின் இருவகைத் தவறுகள் நிகழ்வதுண்டு. அறுவடை முடியட்டும், திருமணம் முடியட்டும் என்று நாளைக் கடத்துவது ஒன்று. நடையையும் வேலையையும் உணவையும் குறைத்துக்கொண்டு படுக்கையிலேயே கிடப்பது மற்றொன்று. முதலாவது கருவியை மறப்பதால் வருவது. இரண்டாவது வாழ்க்கையை மறப்பதால் வருவது. குறித்த நாளில் சோதனைக்குச் செல்வதும், அதுவரை மருத்துவர் அனுமதித்த அளவில் வழக்கம்போல் நடமாடுவதுமே நேர்வழி.

களப்பணியாளர்கள் தம் பகுதியில் பேஸ்மேக்கர் உள்ளவர்களின் பெயர், கருவியின் வகை, அடுத்த சோதனைக்குரிய நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று. பணமில்லாமையால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோருக்கு அரசின் காப்பீட்டுத் திட்டங்களில் உள்ள வாய்ப்பை விசாரித்துச் சொல்லலாம். கருவியாலோ கம்பியாலோ தீங்கு நேர்ந்தால் அதைத் தெரிவிக்கவும் வழி உண்டு. மருத்துவச் சாதனங்களால் நேரும் தீங்குகளைப் பதிந்து ஆராய்வதற்கென 2015 ஜூலையில் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. காஸியாபாத்திலுள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் இதனை நடத்துகிறது. ஓரிடத்தில் கண்ட குறையை முறையாகத் தெரிவித்தால், அதே கருவியைத் தாங்கிய வேறு பலருக்கும் அது எச்சரிக்கையாக அமையும்.

ஆசிரியர்கள் ஓம் விதியைக் கற்பிக்கும் நாளில் இக்கம்பியின் கணக்கையும் ஒருமுறை கரும்பலகையில் எழுதலாம். வகுப்பில் அமர்ந்திருக்கும் ஏதேனும் ஒரு சிறுமியின் பாட்டனாருக்கு அக்கருவி இருக்கக்கூடும்.

நாம் முதலில் கண்ட ஆசிரியர் ஆறு வாரம் கழித்து மீண்டும் மருத்துவமனைக்குச் செல்வார். அளவு முன்போலவே இருந்து, கவலை தீர்ந்து திரும்பலாம். அல்லது கம்பியை மாற்றும் நாள் குறிக்கப்படலாம். எதுவாயினும், இம்முறை அவர் தனியே செல்லவேண்டியதில்லை. சட்டைப்பையில் அடையாள அட்டையும், கையில் ஏழு கேள்விகள் எழுதிய தாளும், பக்கத்து இருக்கையில் செய்தி அறிந்த மகனோ மகளோ இருந்தால், அப்பேருந்துப் பயணம் முன்போல் நீண்டதாகத் தோன்றாது.